சிம்பொனிக்கு அடியில் ஒரு சுருதி

மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குள் நான் வந்தது ஓடும் ஸ்கோர் வீடியோக்கள் வழியாக. பாட்டு ஓட ஓட நோட்டேஷன் திரையில் நகரும். எந்த வாத்தியம் வாசிக்கிறதோ அந்த வரி மட்டும் நிறம் மாறும். இரண்டு மாதம் தினமும் பார்த்தேன், நன்றாகப் புரிகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பயணத்தில் திரையை அணைத்துவிட்டு அதே பீத்தோவன் ஐந்தாவது சிம்பொனியைக் காதால் மட்டும் கேட்டேன். இரண்டு நிமிடம் தாண்டியதும் எந்த இடத்தில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. இரண்டு மாதமாகப் பழகியிருந்தது கண் மட்டும்தான்.

அன்று ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். இந்தச் சிம்பொனியின் முதல் பகுதிக்கு மட்டும், என் கையாலேயே, ஒரு கேட்கும் வரைபடம் தயார் செய்ய வேண்டும். எங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் காது சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஸ்கோரைத் திறக்க வேண்டும். அதைச் செய்த விதமும், வழியில் உடைந்தவையும், சரி செய்தவையும்தான் இந்தப் பதிவு.

இந்த எண்ணம் புதிதல்ல. 1989-லேயே வாயேஜர் நிறுவனம் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு இப்படி ஒரு துணைக்கருவியை வெளியிட்டது. சாதாரண இசைக் குறுந்தகட்டை மெக்கின்டாஷ் கணினியில் ஹைப்பர்கார்டு நிரலோடு இணைத்து, எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று திரையில் விளக்கும். அதில் வரைபடத்தை நிபுணர் போட்டுத் தந்தார். நான் அதை நானே போட விரும்பினேன்.

தேவைப்பட்டவை கொஞ்சம்தான். ஒலியை வெட்டி ஒட்டித் திருத்த ஆடாசிட்டி, ஒலியை அலசிப் பார்க்க சோனிக் விஷுவலைசர், இரண்டும் இலவச மென்பொருள்கள். ஸ்கோருக்கு 2006-லிருந்து இயங்கும் இணைய நூலகமான பெட்ரூச்சி இசை நூலகம், அதாவது ஐஎம்எஸ்எல்பி. காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று. மடிக்கணினியின் ஸ்பீக்கரில் டபுள் பாஸ் கேட்கவே கேட்காது என்பதால் ஹெட்போன் கட்டாயம்.

முதல் சுற்று: காது மட்டும்

ஆடாசிட்டியில் பாட்டு ஓடும்போதே கன்ட்ரோலையும் எம்மையும் சேர்த்து அழுத்தினால் அந்த நொடியில் ஒரு லேபிள் விழும். அலைவடிவம் கண்ணில் படாதபடி டிராக்கைச் சுருக்கி வைத்துவிட்டு, "ஏதோ மாறியது" என்று தோன்றிய இடத்தில் எல்லாம் அழுத்தினேன். பெயரை அப்புறம் எழுதிக்கொண்டேன். கலைச்சொல் ஒன்றும் இல்லை. "அதட்டல்", "கொம்பு தனியாக", "மென்மை", "எல்லோரும் ஓடுகிறார்கள்", "மூச்சு வாங்குகிறது" என்று மனதில் பட்டதை எழுதினேன். ஏழு நிமிடம் இருபது வினாடிக்கு முதல் சுற்றில் 31 லேபிள் விழுந்தது.

தொடக்கத்தை எல்லோருக்கும் தெரியும். மூன்று குறில், ஒரு நெடில். சி ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ப ப ப க, ம ம ம ரி. காந்தாரம் சாதாரண காந்தாரம். எனக்குப் புதிதாகத் தெரிந்தது எடுப்புதான். இத்தனை நாளும் அந்த முதல் "ப" சமத்தில் விழுகிறது என்று நினைத்திருந்தேன். ஸ்கோரில் முதலில் ஒரு எட்டில்-ஒன்று மௌனம் இருக்கிறது, அது கழிந்த பிறகே மூன்று குறிலும் வருகின்றன. நெடில்தான் அடுத்த கட்டத்தின் தலையில் உட்கார்கிறது. (செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் தாள அளவை வாசிப்பவர்கள் பார் என்பார்கள், இங்கே கட்டம் என்றே எழுதுகிறேன்.) தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, சமம் மௌனமாகப் போக அடுத்த நொடி இசைக்குழு பாய்வதைக் கேட்டுப் பாருங்கள். அந்த நான்கு ஸ்வரத்துக்கு ஏன் அத்தனை உந்துதல் என்று உடம்புக்கே புரியும்.

இன்னொன்று. நெடில் இரண்டும் ஒரே நீளம் இல்லை. முதல் நெடில் ஒரு கட்டம், இரண்டாவது நெடில் இரண்டு கட்டம், இரண்டின் மேலும், ஸ்வரத்தை இன்னும் நீட்டிப் பிடிக்கச் சொல்லும் நிறுத்தக் குறி இருக்கிறது. என் லேபிள்களின் இடைவெளியிலேயே இது தெரிந்தது. ஸ்கோரைத் திறக்கும் முன்பே காது ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்த முதல் இடம் அது.

ஸ்கோரோடு ஒப்பிட்டபோது

நான் அச்சிட்டுக்கொண்ட பழைய பதிப்பில் கட்ட எண்கள் இல்லை. பென்சிலால் எண்ணி எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 500 வந்தது. இந்தப் பகுதிக்கு மொத்தம் 502 கட்டம். திரும்ப எண்ணியதில், பக்கம் திருப்பிய இரண்டு இடத்தில் ஒவ்வொரு கட்டம் விட்டிருந்தேன். யாராவது இதைச் செய்தால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் எண்ணை எழுதிக்கொண்டே போங்கள், பிழை தங்காது.

எண்ணிய பிறகு கிடைத்த கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கருப்பொருள்களை அறிமுகம் செய்யும் பகுதி 124 கட்டம். அவற்றைப் பிரித்து மேயும் நடுப்பகுதி 123. திரும்பி வரும் பகுதி 126. கடைசி முத்தாய்ப்பு 129. நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. முத்தாய்ப்பு என்றால் வழக்கமாக நாலு வரியில் முடியும் வால் என்று நினைப்போம். இங்கே அதுதான் நான்கில் நீளமானது. "இன்னும் முடியவில்லையா" என்று ஒரு லேபிளில் எழுதியிருந்தேன், அந்த லேபிள் விழுந்தது முத்தாய்ப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்.

பெரிய தவறும் இங்கேதான் தெரிந்தது. ஒரு நிமிடம் இருபத்தாறாவது வினாடியில் தொடக்க அதட்டல் மறுபடி வந்தபோது "வீடு திரும்பியாச்சு" என்று லேபிள் போட்டிருந்தேன். ஸ்கோரைப் பார்த்தால் அது வெறும் மறுவாசிப்பு. முதல் 124 கட்டத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி இரட்டைப் புள்ளிக் குறி இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான திரும்புதல் நான்கு நிமிடம் பதினெட்டாவது வினாடியில். அந்த இடத்தில் என் லேபிள் "சத்தம்" என்று மட்டும் சொன்னது. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதாக நம்பியதால், நிஜமாக வந்தபோது காது கவனிக்கவே இல்லை.

இதைச் சரி செய்யாமல் மேலே போவதில் பொருள் இல்லை என்று தோன்றியது. மறுவாசிப்புக்கும் திரும்புதலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது எப்படி உணரும்? நம் சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு ஸட்ஜம் போதும், கச்சேரி முழுக்க அது நகராது. இந்த இசையில் ஸட்ஜமே இடம் மாறும். அது மாறுகிறது என்று படித்திருந்தேன், கேட்டதில்லை. சரி, தம்புராவை அடியில் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

சுருதி போட்ட கதை

ஆடாசிட்டியின் உருவாக்கு மெனுவில் ஒற்றைத் தொனி உண்டாக்கும் வசதி இருக்கிறது. அதிர்வெண் 130.81 ஹெர்ட்ஸ், அதாவது கீழ் ஸ்தாயி சி. பாட்டு நீளத்துக்கு ஒரு டிராக் போட்டு, சத்தத்தைக் குறைத்து, சேர்த்து ஓட விட்டேன். எல்லா இடத்திலும் உரசியது. தொடக்கத்தில், வீட்டிலேயே, அலை அலையாக ஒரு நடுக்கம். அரை மணி நேரம் என் காதைச் சந்தேகப்பட்டேன்.

காரணம் எளிமையானது. 130.81 என்பது ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்தால் வரும் கணக்கு. பல இசைக்குழுக்கள் அதைவிடக் கொஞ்சம் ஏற்றிச் சுருதி சேர்க்கின்றன. பழைய காலத்து வாத்தியங்களில் வாசிப்பவர்கள் 430-க்கு இறங்குவதும் உண்டு. என் பதிவு எங்கே இருக்கிறது என்று அளக்க, கடைசி சில கட்டங்களைத் தேர்ந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று காட்டும் நிறமாலை வரைபடத்தைத் திறந்தேன். முதலில் அதுவும் உதவவில்லை. அளவு 2048 என்று இருந்தது. வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்த கோப்பில் அப்படி வைத்தால் ஒவ்வொரு படியும் சுமார் 21.5 ஹெர்ட்ஸ் அகலம், இந்த வேலைக்கு அது மிகவும் முரடு. அளவை 65,536 ஆக்கினேன், படி முக்கால் ஹெர்ட்ஸுக்கும் கீழே வந்தது. இரண்டு ஸ்தாயி மேலே இருக்கும் சி-யின் முகடு 526.8-ல் நின்றது. நான்கால் வகுத்தால் 131.7. அதாவது இந்தக் குழு ஏ-யை 443-ல் வைத்திருக்கிறது. 131.7-ல் புதிய தொனி போட்டதும் நடுக்கம் நின்றது. அந்த நிமிடத்து நிம்மதியை வீட்டில் தம்புரா மீட்டிச் சுருதி சேர்த்தவர்கள் அறிவார்கள்.

அடுத்து, பழக்கதோஷத்தில் பஞ்சமத்தையும் சேர்த்தேன். கேட்க நிறைவாக இருந்தது, ஆனால் சோதனையே கெட்டது. பாட்டின் ஸட்ஜம் ஈ-பிளாட்டுக்கு (ஈ ஸ்வரத்துக்கு அரைப்படி கீழே) நகரும்போது, நான் பஞ்சமமாகப் போட்ட ஜி அங்கே காந்தாரமாக ஒட்டிக்கொள்கிறது. நகர்ந்ததே மறைந்துவிடுகிறது. பஞ்சமத்தை எடுத்துவிட்டு ஸட்ஜத்தை மட்டும் வைத்தேன்.

அப்புறம் கேட்டது இதுதான். 59-ஆம் கட்டத்தில் எல்லோரும் நிறுத்த, கொம்பு வாத்தியம் தனியாக ஓர் அறைகூவல் விடுகிறது. ஈ-பிளாட்டை ஸட்ஜமாக வைத்தால் ப ப ப ஸ, ரி, மந்தரப் ப. தொடக்கத்தில் மூன்று குறிலுக்கு அப்புறம் ப-விலிருந்து க-வுக்குத்தான் இறங்கியது. இங்கே ப-விலிருந்து ஸ வரைக்கும் இறங்குகிறது, அதே தாளம், பெரிய தாவல். அடியில் என் சி தொனி தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. கர்ணகடூரமாக இல்லை, ஆனால் ஒட்டவில்லை. கொம்பின் முதல் ஸ்வரமான பி-பிளாட்டும் என் சி-யும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள், தோளோடு தோள் இடிக்கின்றன. அதைத் தொடர்ந்து வயலின்கள் எடுக்கும் மென்மையான மெட்டு முழுக்க என் சி ஒரு தைவதமாகத்தான் நிற்கிறது, வீடாக இல்லை. பாட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது.

நான்கு பதினெட்டில் திரும்புதல். ஐந்து நிமிடத்தை ஒட்டி மறுபடி அந்த அறைகூவல். அதன் பின்னால் அதே மென்மையான மெட்டு, இந்த முறை சி-யையே ஸட்ஜமாகக் கொண்ட சி மேஜரில். என் தொனி அதன் அடியில் அப்படியே போய் உட்கார்ந்தது. உரசல் துளிகூட இல்லை. ஒரே மெட்டு, முதல் தடவை வெளியூரில், இரண்டாவது தடவை வீட்டில். புத்தகங்களில் சொனாட்டா வடிவம் என்று பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். அதைக் கேட்டது அன்றுதான். மறுவாசிப்பில் மெட்டு மறுபடியும் வெளியூரிலேயே இருக்கிறது என்பதும் தொனியை வைத்தே தெரிந்தது. என் பழைய தவறு இனி நடக்க வாய்ப்பில்லை.

அந்த இரண்டாவது அறைகூவலில் ஏதோ குரல் மாறியிருக்கிறது என்று முதல் சுற்றிலேயே "கொம்பு, ஜலதோஷம்" என்று எழுதியிருந்தேன். ஸ்கோரில் பார்த்தால் அது கொம்பே இல்லை. 303-ஆம் கட்டத்தில் பீத்தோவன் அதை இரண்டு பஸூன்களுக்கு (கனத்த குரல் கொண்ட மரக் குழல் வாத்தியம்) கொடுத்திருக்கிறார். இந்தச் சிம்பொனி முதலில் வாசிக்கப்பட்டது 1808 டிசம்பர் 22-ல், வியன்னாவில். அப்போதைய கொம்புக்கு வால்வு கிடையாது. ஈ-பிளாட் குழாய் போட்ட கொம்பில் ஈ-பிளாட் அறைகூவல் இயல்பாக வரும், சி-யில் அதே வரி சுத்தமாக வராது. வால்வு வந்த பிறகு பல நடத்துநர்கள் அந்த வரியைக் கொம்புக்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பஸூன்தான் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு சொல்லும் சேதி அந்தக் கரகரத்த குரலில் வருவது பொருத்தமாகப் படுகிறது.

ஸ்கோரில் கொம்பின் வரியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் ஜி, சி, டி, ஜி என்று எழுதியிருக்கும், கேட்பது பி-பிளாட், ஈ-பிளாட், எஃப், பி-பிளாட். கொம்பு, கிளாரினெட் போன்றவற்றுக்கு எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று. நம் ஸ்வர எழுத்து மாதிரிதான், ஸ என்று எழுதினால் எந்தக் கட்டை என்று தனியாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க என் லேபிள் தவறு என்று திருத்திக்கொண்டிருந்தேன்.

உடைந்த சில

நடுப்பகுதியில் ஓர் இடம். காற்று வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் மாறி மாறி நெடில்களைப் போடுகின்றன. முதலில் இரண்டிரண்டாக, அப்புறம் ஒவ்வொன்றாக, குரல் தேய்ந்துகொண்டே போகும். என் ஹெட்போனில் கிட்டத்தட்டக் காணாமல் போனது. மெல்லிய இடங்களைத் தூக்கிவிட கம்ப்ரெஸர் போட்டேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது, ஆனால் 228-ஆம் கட்டத்தில் அந்த அமைதியை உடைத்துக்கொண்டு முழுக்குழுவும் பாயும் இடம் சப்பென்று ஆகிவிட்டது. அதுவரை மூச்சைப் பிடித்து வைத்ததே அந்த ஒரு பாய்ச்சலுக்காக. மாற்றத்தை நீக்கிவிட்டு, அறையில் மின்விசிறியை நிறுத்திக் கேட்டேன். அது போதுமாக இருந்தது.

லேபிள் வழுக்கியது இன்னொரு தொந்தரவு. ஆடாசிட்டியில் கச்சிதமாக இருந்த இடங்கள் கைபேசியில் ஓரிரு வினாடி தள்ளிப் போயின. கோப்பு மாறும் பிட் விகிதத்தில் சுருக்கிய எம்பி3. அப்படிப்பட்ட கோப்பில் சில பிளேயர்கள் நடுவில் குதிக்கும்போது இடத்தைத் தோராயமாகத்தான் கணிக்கும். மூலத்திலிருந்து, தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக எடுத்துக்கொண்ட பிறகு வழுக்கவில்லை.

இரண்டாவது பதிவு ஒன்றோடு ஒப்பிட நினைத்தபோது என் வரைபடம் மொத்தமும் ஒன்றரை நிமிடம் தப்பியது. அந்தப் பழைய பதிவில் மறுவாசிப்பே இல்லை. லேபிள்களை உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு வரியிலும் தொடக்க வினாடி, முடிவு வினாடி, பெயர் என்று டேப் இடைவெளியோடு வரும். விரிதாளில் திறந்து கழித்துப் பார்த்தேன். வேகம் வேறு என்பதால் போகப் போக விலகியது. சோனிக் விஷுவலைசர் இரண்டு பதிவுகளைத் தானாகவே ஒன்றோடொன்று பொருத்தும். முதலில் அதுவும் தடுமாறியது, ஒன்றில் இருக்கும் 124 கட்டம் மற்றதில் இல்லாவிட்டால் பாவம் அது எதோடு பொருத்தும்? முதல் பதிவின் நகலில் மறுவாசிப்பை வெட்டிவிட்டுக் கொடுத்தேன், அழகாகப் பொருந்தியது. இப்போது ஒரு சொடுக்கில் ஒரே கட்டத்தை இரண்டு குழுக்களிலும் கேட்கலாம்.

இப்படிக் கேட்டதில் என்னை நிறுத்தியது 268-ஆம் கட்டம். முழுக்குழுவும் நின்றுவிட, ஓபோ என்ற குழல் வாத்தியம் மட்டும் தாளம் இல்லாமல் தனியாகச் சில ஸ்வரங்கள் இறங்கி வரும். தொடக்கம் திரும்பி வந்த வேகத்தில் யாரும் எதிர்பார்க்காத இடம். நிறமாலையில் பார்த்தால் அதுவரை அடர்ந்த காடாக இருந்தது, சட்டென்று ஒரே ஓர் ஏணி மட்டும் மிச்சம். ஒரு பதிவில் வாசிப்பவர் அதைக் கேள்வியாக விடுகிறார், இன்னொருவர் பெருமூச்சாக. நான்கு நாள் இந்தச் சில வினாடிகளையே கேட்டுக்கொண்டிருந்தேன், அதற்காக வருத்தமும் இல்லை.

வேகம் பற்றியும் ஒரு கணக்கு போட்டேன். 1817-ல் பீத்தோவன் வெளியிட்ட மெட்ரோனோம் குறிப்பு இந்தப் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 கட்டம். மறுவாசிப்போடு 626 கட்டம், வகுத்தால் சுமார் ஐந்து நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. நிறுத்தங்களுக்குக் கொஞ்சம் கூட்டினாலும் என்னிடம் இருப்பதைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் குறைவு. ஆடாசிட்டியில் வேகத்தைக் கூட்டி ஒருமுறை கேட்டேன். அதட்டலில் கம்பீரம் குறைந்து அவசரம் ஏறியது, அதுவும் வேறொரு அழகு.

கடைசியாகச் சோதனை

லேபிள்படி கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுமதி செய்யும் வசதியை வைத்து, பத்துப் பதினைந்து வினாடித் துண்டுகள் 40 தயாரித்தேன். அவற்றை, கேள்வி-பதில் அட்டைகளை வைத்துப் பயிற்சி தரும் அங்கி (Anki) என்ற நிரலில் அட்டைகளாகப் போட்டேன். கேள்வி ஒன்றே ஒன்று, "எங்கே இருக்கிறாய்?" முதல் நாள் எல்லாமே சரியாக வந்தது. காரணம், கோப்பின் பெயரே லேபிளின் பெயர், விடை திரையிலேயே எழுதியிருந்தது. பெயருக்குப் பதில் வெறும் எண் வரும்படி மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்தேன். அன்று 40-க்கு 17. மூன்று வாரம் கழித்து 36. இன்னமும் தவறுவது பெரும்பாலும் முதல் வாசிப்பா மறுவாசிப்பா என்று கேட்கும் அட்டைகளில். இரண்டும் ஒரே ஸ்வரங்கள்தான் என்பதால் அந்த அட்டைகளை எடுத்துவிட்டேன், அதைத் துண்டை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்து இரண்டாவது பகுதியைத் தொடங்கியிருக்கிறேன். அது ஏ-பிளாட் மேஜரில் இருக்கிறது. புதிய சுருதி போட வேண்டும் என்று 104.5-க்குக் கணக்கெல்லாம் போட்டு வைத்தேன். ஆனால் பழைய சி தொனியை அணைக்க மறந்து ஓட விட்டதில், அது உரசாமல் ஏ-பிளாட்டுக்கு அந்தர காந்தாரமாக இழைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் டிரம்பெட்களோடு பாட்டு திடீரென்று சி மேஜருக்குள் திறந்துகொண்டபோது, அதே தொனி ஸட்ஜமாக ஆகிவிட்டது. அதனால் 104.5-ஐ இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, சி-யை வைத்தே முதல் சுற்று லேபிள் போடுகிறேன். இதுவரை 12 விழுந்திருக்கிறது.